காட்டின் கணக்கை யாருக்குக் காட்டுவது?



காடு காக்கும் தொண்டு நிறுவனங்களின் பணக்கணக்கு என்று தலைப்பைச் சொன்னதுமே பலருக்கும் நினைவுக்கு வருவது மோசடிதான். யார் எவ்வளவு சுருட்டினார், எந்த அறங்காவலர் எந்தக் காரில் போகிறார் என்கிற பேச்சு. அதைப் பற்றி இன்று அதிகம் பேசப்போவதில்லை. திருட்டென்றால் அதற்குச் சட்டம் இருக்கிறது, வழக்கு இருக்கிறது. என் கவலை வேறு. இந்த நூற்றாண்டில் இத்துறையை உலுக்கிய பெரிய விவகாரங்களை அடுக்கிப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. அவற்றில் பணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் என்று அநேகமாக எவரும் இல்லை. தணிக்கையாளர் கையெழுத்திட்ட கணக்கு, உரிய தேதியில் தாக்கலான படிவம், ஆண்டறிக்கையில் அழகான புகைப்படம் எல்லாம் இருந்தன. இந்த நிறுவனங்களுக்கு இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று பணத்தின் கணக்கு, மற்றொன்று காட்டின் கணக்கு. முதல் கணக்கை மட்டும் கேட்டு வாங்கிவைத்துக்கொண்டு, இரண்டாவதும் அதற்குள்ளேயே அடங்கிவிட்டதாக அரசும் கொடையாளரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைதான் கோளாறு. அதைச் சரிசெய்ய ஒரே வழி, இரண்டாவது கணக்கைச் சரிபார்க்கக் கூடியவர்களிடம், அதாவது அந்தக் காட்டோரம் வாழ்பவர்களிடம், இரண்டு கணக்குகளையும் சேர்த்து வைப்பது. இதுவே என் வாதம்.

அமெரிக்காவின் நேச்சர் கன்சர்வன்சியிலிருந்து தொடங்குகிறேன். 1951-ல் தோன்றிய இந்த அமைப்பின் ஆரம்பகாலக் கணக்கு மிகவும் எளிமையானது. 1955-ல் நியூயார்க் மாநிலத்தில் மயானஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் 60 ஏக்கர் வாங்க 7,500 டாலர் கொடுத்தது. இனாமாக அல்ல, கடனாக. அந்தப் பணம் திரும்பி வந்தால் அடுத்த நிலத்தைக் காக்க உதவும் என்பது ஏற்பாடு. ஒரு தொகை, ஒரு நிலம். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். ஐம்பதாண்டு கழிவதற்குள் அதன் சொத்து மதிப்பு 300 கோடி டாலரைத் தாண்டியது. 2003 மே மாதத்தில் வாஷிங்டன் போஸ்ட் நாளேட்டின் இரு செய்தியாளர்கள், டேவிட் ஒட்டவேயும் ஜோ ஸ்டீஃபன்சும், அதன் நடைமுறைகளைத் தொடர் கட்டுரையாக எழுதினார்கள். அதில் ஒரு விற்பனை எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. நியூயார்க் அருகே ஷெல்டர் தீவில் 10 ஏக்கர் நிலத்தை அமைப்பு 21 லட்சம் டாலருக்கு வாங்குகிறது. ஏழு வாரம் கழித்து, இன்னின்னதைக் கட்டக்கூடாது என்ற நிபந்தனைகளைப் பத்திரத்தில் சேர்த்து, அதே நிலத்தை 5 லட்சத்துக்கு விற்கிறது. வாங்கியவர் அமைப்பின் வட்டாரக் கிளையின் முன்னாள் தலைவரும் அவர் துணைவியும். மிச்சம் 16 லட்சம்? அதை அவர்கள் அமைப்புக்கு நன்கொடையாகக் கொடுத்துவிடுகிறார்கள். நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை உண்டு. இப்போது கூட்டிப் பாருங்கள். ஐந்தும் பதினாறும் இருபத்தொன்று. அமைப்புக்கு ஒரு டாலர்கூட நட்டமில்லை. எந்தத் தணிக்கையாளரும் சிவப்பு மையால் சுழிக்க இதில் இடமில்லை. அன்றைய சட்டத்துக்கும் இது உட்பட்டதே என்று அமைப்பு வாதாடியது. ஆனால் நிபந்தனையை எழுதியவர், நிலத்தை விற்றவர், வாங்கியவர், நாளை அந்த நிபந்தனை மீறப்படுகிறதா என்று கண்காணிக்க வேண்டியவர் எல்லோரும் ஒரே வட்டத்துக்குள் இருக்கிறார்கள். வட்டத்துக்கு வெளியே நிற்கிற வரி செலுத்தும் பொதுமக்கள், விட்டுக்கொடுத்த வரிக்கு ஈடாக எந்த அளவு பாதுகாப்பு கிடைத்தது என்பதை அளக்க எந்த ஏடும் இல்லை.

அதே தொடரில் வந்த டெக்சாஸ் விவகாரம் இன்னும் கசப்பானது. அங்கே காடல்ல, கடலோரப் புல்வெளி, தர்க்கம் ஒன்றுதான். அழிவின் விளிம்பில் இருந்த அட்வாட்டர் புல்வெளிக்கோழிக்காக மொபில் எண்ணெய் நிறுவனம் 1995-ல் ஒரு நிலத்தைத் தானமாகக் கொடுத்தது. 1999-ல் நேச்சர் கன்சர்வன்சி அந்தக் காப்பிடத்திலேயே புதிதாக எரிவாயுக் கிணறு தோண்டியது. வருகிற பணத்தில் பறவைக்கு மேலும் இடம் வாங்கலாம் என்று நியாயம் சொல்லப்பட்டது. பணக்கணக்கில் இது வருமானம், பாராட்டத்தக்க வருமானம். பத்து, பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த நிலத்தில் அந்தப் பறவையே இல்லாமல் போயிற்று. கிணறுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அந்த இனத்துக்கு வேறு ஆபத்துகளும் இருந்தன. ஆனால் கிணற்று வருமானத்தைப் பதிவு செய்த ஏட்டில் பறவையின் எண்ணிக்கைக்கு ஒரு பத்தி இருந்திருந்தால், அறங்காவலர் கூட்டத்தில் யாராவது கேட்டிருக்க முடியும்.

கட்டுரைகளுக்குப் பின் அமைப்பு மாறியது என்பதையும் சொல்லியாக வேண்டும். அறங்காவலர்களுக்கும் ஊழியர்களுக்கும் நிலம் விற்பதையும், ஊழியர்களுக்குக் கடன் கொடுப்பதையும் நிறுத்தியது. வெளியாட்கள் அடங்கிய குழுவை அமைத்து நிர்வாகத்தைத் திருத்தியது. அமெரிக்க செனட்டின் நிதிக்குழு விசாரித்து 2005-ல் அறிக்கை வெளியிட்டது. வேறு பல அமைப்புகளின் விவகாரங்களும் சேர்ந்ததில், தொண்டு நிறுவனங்கள் ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் 990 என்ற படிவம் 2008-ல் விரிந்தது. நிர்வாகிகளின் உறவு, சுயலாபம் பற்றிய கேள்விகள் அதில் கூடின. உறவினர் விவகாரம் அமெரிக்கர்கள் புதிதாகக் கண்டுபிடித்த நோய் அல்ல என்பதை இந்த இடத்தில் சொல்லிவிடலாம். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரைக் குடவோலையில் சேர்க்கக்கூடாது என்பதோடு நிற்பதில்லை. அவருடைய சிற்றப்பன், மாமன் என்று உறவு முறைகளை வரிசையாகச் சொல்லி அவர்களையும் விலக்குகிறது. பத்தாம் நூற்றாண்டுச் சபைக்கு இருந்த தெளிவு இன்றைய பல அறக்கட்டளைப் பத்திரங்களில் இல்லை.

ஆனால் உறவினரை விலக்குவதோடு தீர்கிற பிரச்சினையா இது? 2020 டிசம்பரில் அதே நேச்சர் கன்சர்வன்சி மறுபடி செய்திக்கு வந்தது. இம்முறை ப்ளூம்பெர்க் நிறுவனத்தின் கட்டுரை. விஷயம் கார்பன் வரவு. ஒரு காட்டை வெட்டாமல் வைத்திருந்தால் அதில் தங்கும் கரிமத்தின் அளவைக் கணக்கிட்டு, அதைப் பெருநிறுவனங்களுக்கு விற்கலாம். வாங்கிய நிறுவனம் தன் புகையில் அந்த அளவைக் கழித்துக்காட்டும். கேள்வி எளியது: அந்தக் காடு வெட்டப்படவிருந்ததா? பென்சில்வேனியாவில் பல்லாண்டுகளாகப் பறவைச் சரணாலயமாகவே பாதுகாக்கப்பட்டு வரும் ஹாக் மலைக் காடும் இந்தப் பட்டியலில் இருந்தது. அதை யாரும் வெட்டப்போவதில்லை. ஆகவே விற்ற பொருள் என்ன? நடந்திருக்கக்கூடிய ஆனால் நடக்காத ஒரு வெட்டு. இங்கே திருட்டும் இல்லை, உறவினரும் இல்லை. சரணாலயத்துக்கு வந்த பணம் சரணாலயத்துக்கே செலவாகியிருக்கலாம். ஆனாலும் எங்கோ ஓர் ஆலைப்புகை, காகிதத்தில் மட்டும் கழிந்துபோகிறது. அமைப்பு தானே ஓர் உள்விசாரணையை அறிவித்தது. நம் ஊர்களிலும் இப்போது கார்பன் திட்டங்களோடு முகவர்கள் வரத் தொடங்கியிருக்கிறார்கள் என்பதால் இதை வலியுறுத்துகிறேன். வருமானமே கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நம்பி வருகிறபோது, பணக்கணக்கு எவ்வளவு துல்லியமோ அவ்வளவுக்கு ஏமாற்றும்.

அடுத்த விவகாரத்தில் காடும் காக்கப்பட்டது, பணமும் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தது. இருந்தும் கணக்கில் ஒரு பக்கம் கிழிந்திருந்தது. உலக இயற்கை நிதியம், கரடிப்பாண்டா சின்னத்தால் உலகமே அறிந்த அமைப்பு. அதன் உதவி பெற்ற காவலர்கள் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் காட்டோர மக்களை அடித்துத் துன்புறுத்தினார்கள் என்று 2019 மார்ச்சில் பஸ்ஃபீட் செய்தித் தளம் வெளியிட்டது. அமைப்பே ஒரு சுயேச்சைக் குழுவை நியமித்தது. தலைவர் நவி பிள்ளை. டர்பனில் பிறந்த தமிழ்வழிப் பெண்மணி, ஐ.நா.வின் மனித உரிமை ஆணையராக இருந்தவர். 2020 நவம்பரில் வந்த அறிக்கை, அமைப்பின் ஊழியர்கள் கொடுமைகளில் பங்கெடுத்ததற்கோ ஏவியதற்கோ சான்று இல்லை என்றது. அதே மூச்சில், புகார்கள் தெரிந்திருந்தும் தான் ஏற்ற மனித உரிமைக் கடப்பாடுகளை அமைப்பு காங்கோ முதலான இடங்களில் நிறைவேற்றவில்லை என்றது. தனக்குத் தெரிந்ததை வெளியே சொல்வதிலும் அமைப்பு தாராளமாக இருக்கவில்லை. விமர்சனம் வளரும், கூட்டாளி அரசுகள் வருந்தும் என்ற தயக்கம். கணக்கு மேல்நோக்கி மட்டும் போனால் இதுதான் நடக்கும். காவலருக்குச் சம்பளம் கொடுத்த ரசீது தலைமையகம்வரை போகும். அந்தக் காவலரிடம் அடிவாங்கியவரின் புகார் போகிற வழியிலேயே தேயும்.

தொண்டு நிறுவனங்களை நம்பாமல் அரசிடமே விட்டுவிடலாமே என்று சிலர் சொல்லக்கூடும். அதற்கு நம் நாட்டுச் சான்றே போதும். சுரங்கத்துக்கும் அணைக்கும் காட்டைக் கொடுக்கும்போது அதற்கு ஈடாகப் பணம் வசூலித்து வேறிடத்தில் மரம் வளர்க்க வேண்டும் என்று கோதவர்மன் வழக்கில் 2002-ல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதிலிருந்து வந்ததுதான் காம்பா நிதி. 2013-ல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் இதை ஆராய்ந்தார். 2006 முதல் 2012 வரை பெற வேண்டிய காடல்லாத நிலம் 1,03,381 ஹெக்டேர். பெற்றது 28,086 ஹெக்டேர். மரம் நட்டது 7,280 ஹெக்டேரில், அதாவது பெற வேண்டியதில் 7 விழுக்காடு. அதே காலத்தில் நிதியின் இருப்பு 23,600 கோடி ரூபாயாக ஏறியிருந்தது. வங்கிக் கணக்குக்கு வட்டி வளர்ந்தது, மரம் வளரவில்லை. 2016-ல் தனிச்சட்டம் வந்தது, 2019-ல் 47,000 கோடிக்கு மேல் மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. பணத்துக்கும் மரத்துக்கும் இடையிலான இந்த இடைவெளியைத் தணிக்கையாளர் கண்டுபிடிக்க முடிந்ததற்குக் காரணம், அவர் பணத்தோடு ஹெக்டேரையும் எண்ணினார் என்பதுதான். தொண்டு நிறுவனங்களுக்கு அப்படி எண்ணுகிறவர் யாருமில்லை.

நம் சட்டம் அவற்றிடம் என்ன கேட்கிறது? வரிவிலக்கு வேண்டுமானால் பதிவு, ஆண்டுத் தணிக்கை, வருமானத்தில் 85 விழுக்காட்டையாவது அறப்பணிக்குச் செலவிட்டதற்கான சான்று. பணத்தைச் சேர்த்துவைக்க விண்ணப்பிக்கும் வழியும் உண்டு, ஆனால் சின்ன அமைப்புகள் அந்தத் தலைவலியை விரும்புவதில்லை. கணக்காண்டு மார்ச் 31-ல் முடிகிறது. தமிழ்நாட்டில் அது வெயில் ஏறும் காலம், கன்று நடுவதற்கு மிக மோசமான காலம். கன்று பிழைப்பதும் பட்டுப்போவதும் அடுத்த இரண்டு மூன்று கோடையில் நீர் ஊற்றுவதையும் ஆடுமாடு மேயாமல் வேலி காப்பதையும் பொறுத்தது. நட்ட செலவு இந்த ஆண்டுக் கணக்கில் முழுமையாக ஏறிவிடும். பிழைத்ததா என்ற கேள்வி எந்த ஆண்டுக் கணக்கிலும் வராது. சரி, அந்தத் தணிக்கை அறிக்கையையாவது பொதுமக்கள் பார்க்கலாமா? அமெரிக்காவில் 990 படிவம் யாருக்கும் கிடைக்கும். இங்கே வருமான வரித்துறைக்குப் போகும் அறிக்கை அங்கேயே நிற்கும். மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் அறக்கட்டளைகளுக்கென்று ஆணையர் உண்டு. தமிழ்நாட்டில் சமயம் சாராத பொது அறக்கட்டளைக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவதோடு சரி. வெளிநாட்டு நிதி பெறுவோரின் ஆண்டறிக்கைகள் உள்துறை அமைச்சகத்தின் தளத்தில் கிடைத்துவந்தன. 2022 ஜூலையில் அவையும் எடுக்கப்பட்டன. கட்டுப்பாடு கூடியது, வெளிச்சம் குறைந்தது.

2020-ல் வெளிநாட்டு நிதிச் சட்டத்தைத் திருத்தியபோது நிர்வாகச் செலவின் வரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20-க்கு இறக்கினார்கள். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. பணமெல்லாம் காட்டுக்குப் போகட்டும், அலுவலகத்துக்கு ஏன்? கொடையாளரும் இதே அளவுகோலைத்தான் கையில் வைத்திருக்கிறார். ஆனால் விதிகளைப் படித்தால், நிதியின் கணக்கை வைத்திருக்கும் செலவும் அறிக்கை எழுதித் தாக்கல் செய்யும் செலவும் நிர்வாகச் செலவிலேயே அடங்குகின்றன. பொறுப்பு வேண்டும் என்கிறோம், பொறுப்புக்காகும் செலவை வீண்செலவு என்றும் எழுதுகிறோம். ஒரு கன்றுக்கு நூறு ரூபாய் என்று விளம்பரம் செய்து நட்டுவிட்டுப் போகிற அமைப்பின் விகிதம் பளபளக்கும். ஐந்தாண்டு கழித்துத் திரும்பிப்போய் எத்தனை உயிரோடிருக்கிறது என்று எண்ணுகிற அமைப்பின் விகிதம் மங்கும். தொண்டு நிறுவனங்களைத் தரம் பிரித்துக் காட்டும் அமெரிக்க அமைப்புகளே, கைட்ஸ்டாரும் சேரிட்டி நேவிகேட்டரும் இன்னொன்றும் சேர்ந்து, இந்த விகிதத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள் என்று 2013-ல் கொடையாளருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதின. நாமோ ஏழாண்டு கழித்து அதே விகிதத்தைச் சட்டத்தில் இன்னும் இறுக்கினோம்.

அப்படியானால் எதைக் கேட்பது? ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பக்கம். சர்வே எண், பரப்பு, அங்கே என்ன செய்வதாகச் சொன்னோம், எவ்வளவு செலவு, யாருக்குக் கொடுத்தோம், இப்போது என்ன நிலை, எது தோற்றது. அதைத் தமிழில் எழுதி அந்த ஊர்க் கிராம சபையில் வாய்விட்டுப் படிக்க வேண்டும், கேள்விக்குப் பதில் சொல்லி, கேட்ட கேள்வியையும் அறிக்கையில் சேர்க்க வேண்டும். இது கற்பனை அல்ல. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் 1994 முதல் ஊர் ஊராக மக்கள் விசாரணை நடத்தியபோது, அரசு வேலைகளின் கூலிப் பட்டியலை மக்கள் நடுவே படித்தார்கள். செத்துப்போனவர் பெயரில் கூலி எழுதியிருப்பதும், கட்டாத கட்டடத்துக்குப் பணம் கொடுத்திருப்பதும் உடனே தெரிந்தன. பெரிய தணிக்கை அறிவு எதுவும் தேவைப்படவில்லை. செத்தவரைத் தெரிந்தவர்கள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். அந்த முறைதான் பிறகு நூறு நாள் வேலைச் சட்டத்தில் சமூகத் தணிக்கையாக இடம்பெற்றது. 2006 வன உரிமைச் சட்டம் காட்டைக் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்குக் கொடுத்திருக்கிறது. காவல் அதிகாரம் உள்ள சபைக்கு, தன் எல்லைக்குள் காவலுக்கென்று வரும் பணத்தின் கணக்கைக் கேட்கும் உரிமை இல்லையென்றால் அது என்ன அதிகாரம்?

இதற்கு வரும் ஆட்சேபங்களில் ஒன்றை நான் முழுக்க ஏற்கிறேன். கணக்குக் கேட்பது என்பது விமர்சிக்கிற அமைப்பின் வாயை அடைக்க அரசு எடுக்கும் ஆயுதமாகிவிட்டது என்பது உண்மை. 2015-ல் கிரீன்பீஸ் இந்தியாவின் வெளிநாட்டு நிதிப் பதிவு ரத்தானதை மறந்துவிட முடியாது. ஆனால் அந்த ஆயுதத்துக்குக் கூர்மை எங்கிருந்து வருகிறது? கணக்கு அரசுக்கும் நிறுவனத்துக்கும் மட்டுமே தெரிந்த ரகசியமாக இருப்பதிலிருந்து. ஊர்ச் சபையில் நான்கு ஆண்டுகளாகப் படித்துவந்த கணக்கின்மேல் திடீரென்று பழி சுமத்தினால், அதை மறுக்க ஊரே சாட்சி. சிறிய அமைப்புகளுக்குச் சுமை என்று சொல்வதை நான் அவ்வளவாக ஏற்கவில்லை. பத்து ஏக்கரைப் பார்த்துக்கொள்கிறவர் எழுத வேண்டியது ஒரு பக்கம்தான். அவர் இப்போது நிரப்பும் படிவங்களைவிட அது எளிது. சந்தன மரம் எங்கே நிற்கிறது, புலி எங்கே குட்டி போட்டிருக்கிறது என்பதையெல்லாம் படித்துக்காட்டச் சொல்கிறீர்களா என்றால், இல்லை. இடத்தை மறைக்கலாம், செலவை மறைக்கத் தேவையில்லை. நிலம் வாங்கும் பேரம் நடக்கும்போது விலையைச் சொல்ல வேண்டாம், பத்திரம் பதிந்த பின் சொல்லலாம்.

கடைசியாக ஒன்று, கொஞ்சம் கடினமானது. காட்டோர மக்கள் நடுநிலையாளர்கள் அல்லவே. மேய்ச்சலுக்கு இடம் போயிற்று என்ற கோபம் அவர்களுக்கு இருக்கும், சிலருக்கு விறகிலும் மணலிலும் வருமானம் இருக்கும், அவர்களிடம் கணக்கைக் கொடுத்தால் காடு காக்கும் வேலையே நின்றுபோகும் என்கிறார்கள். நடுநிலையாளர்கள் அல்லதான். ஷெல்டர் தீவில் கையெழுத்திட்டவர்கள் நடுநிலையாளர்களா? கார்பன் வரவை வாங்கிய பெருநிறுவனங்கள் நடுநிலையானவையா? நான் சபைக்குக் கேட்பது கணக்கைக் கேட்டுக் கேள்வி கேட்கும் உரிமை. திட்டத்தை ரத்து செய்யும் உரிமை அல்ல. மேய்ச்சல் நிலம் போனதில் கோபமுள்ள ஒருவர் எழுந்து, நீங்கள் நட்டதாகச் சொன்ன ஐயாயிரம் கன்றில் எழுநூறுதான் நிற்கிறது என்றால், கோபத்தில் சொன்னார் என்பதற்காக அந்த எண் பொய்யாகிவிடாது. போய் எண்ணிப் பார்த்துவிடலாம். எண்ணிவந்த தொகையை அடுத்த ஆண்டறிக்கையில், நட்ட செலவுக்குப் பக்கத்திலேயே அச்சிட்டு, தணிக்கையாளர் அதன் கீழ் கையெழுத்திட வேண்டும் என்று அறங்காவலர் குழு ஒரு தீர்மானம் போட்டால் போதும். அதற்குச் சட்டத் திருத்தம் வேண்டியதில்லை, அடுத்த கூட்டத்திலேயே நிறைவேற்றலாம்.